புக்கிட் பாத்தோக் மாமாவின் சூதாடாத சில்லுகள்

சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பும் பிள்ளையிடம் ஊரில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே புத்திமதியைத்தான் சொல்வார்கள். வேளாவேளைக்குச் சாப்பிடு, பணத்தைச் சேர்த்து வை, அந்தச் சூதாட்டக்கூடம் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதே. என் அம்மாவும் அதையே சொல்லித்தான் அனுப்பினார். நான் வந்து எட்டு மாதம் ஆனபோது, அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன், புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் என் மாமா, தொலைபேசியில் கேட்டார்: "மாப்ளே, எனக்காக ஒரு தடவை காசினோவுக்குப் போய்ட்டு வர்றியா?"

நான் சிரித்தேன். மறுமுனையில் சிரிப்பு இல்லை. "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. அத்தை மீன்குழம்பு வைக்கிறா. நேர்ல சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

இருமும் மலை

வடக்கு தெற்கு ரயில் பாதையில் ஜூரோங் ஈஸ்ட்டுக்கு அடுத்த நிலையம் புக்கிட் பாத்தோக். என்னைப்போல் புதிதாக வந்தவர்களுக்குச் சிங்கப்பூர் என்றால் தேக்காவும் சிராங்கூன் சாலையும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கால்வைக்க இடமிருக்காது. இங்கே நிலையத்தைவிட்டு இறங்கினால் வெஸ்ட் மால் கடைத்தொகுதி, பேருந்து நிலையம். அதைத் தாண்டினால் மேடும் பள்ளமுமாய்ப் போகும் சாலைகள், இரண்டு பக்கமும் வீவக அடுக்குமாடிகள், இடையிடையே மரம் அடர்ந்த சிறு குன்றுகள். சிங்கப்பூரில் நடந்தால் மூச்சு வாங்கும் ஊர்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

"புக்கிட்னா மலை, பாத்தோக்னா இருமல்" என்று வழியில் விளக்கினார் மாமா. அந்தக் காலத்தில் இங்கே கருங்கல் உடைக்க வெடி வைத்தபோது எழுந்த சத்தம், மலை இருமுவதுபோல் கேட்டதாம். 'பாத்தோக்' என்பது தேங்காயைக் குறிக்கும் ஜாவானியச் சொல் என்று சொல்பவர்களும் உண்டு. "நான் இருமல் கட்சி" என்றார் மாமா.

மாமா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு பத்தாவது மாடியில். சாப்பாடு முடிந்ததும் அத்தை தன் கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, தடிமனான ஓர் ஆல்பத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கல்யாண ஆல்பமாக்கும் என்று நினைத்தேன். திறந்தால் உள்ளே வண்ண வண்ணமாய் வட்டச் சில்லுகள். சூதாட்டக்கூடங்களில் பணத்துக்குப் பதிலாக மேசையில் வைத்து ஆடுகிற சில்லுகள்.

ஒவ்வொரு சில்லுக்கும் கீழே ஒரு துண்டுச்சீட்டு. எந்த ஊர், எந்த ஆண்டு, யார் கொண்டுவந்தது, முகமதிப்பு எவ்வளவு, விலை எவ்வளவு. மக்காவ் சில்லுக்குக் கீழே மாமாவின் பழைய மேலதிகாரி பெயர். கெந்திங் சில்லுக்குக் கீழே பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பெயர். கோவாவில் மாண்டோவி ஆற்றில் மிதக்கும் கப்பல் ஒன்றின் சில்லுக்குக் கீழே, தேனிலவுக்குப் போய்வந்த என் சித்தி மகன் பெயர்! எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத ரகசியம் புக்கிட் பாத்தோக்கில் பதிவாகியிருந்தது.

முதல் பக்கத்தில் ஒரே ஒரு சில்லுதான். பச்சை நிறம், ஓரம் தேய்ந்தது, நடுவில் ஒரு கப்பல் படம். சீட்டு அத்தையின் கையெழுத்தில் இருந்தது. 'முகமதிப்பு: 10 வெள்ளி. விலை: 18,000 வெள்ளி.'

"அவ்வளவு அபூர்வமா மாமா?"

"அது அப்புறம்" என்று பக்கத்தைத் திருப்பினார்.

பணத்தை மறக்கவைக்கும் பணம்

சில்லு என்ற சொல் நமக்குப் புதிதில்லை. உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துப் பாண்டி ஆடியவர்கள் நாம். கீழடி அகழாய்வில் சுடுமண்ணாலான வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் பகடைக்காய்களும் கிடைத்திருக்கின்றன. வைத்துத் தோற்பதும் நமக்குப் புதிதில்லை. தருமர் பகடையில் நாட்டையும் தம்பிகளையும் தோற்ற கதை தெரியாத வீடு இல்லை. திருக்குறளில் 'சூது' என்று தனி அதிகாரமே இருக்கிறது, 94ஆவது.

பணத்துக்குப் பதிலாகச் சில்லு வைக்கும் வழக்கத்துக்கு இந்த வட்டாரத்திலும் பழைய வரலாறு உண்டு. சயாமில் சீனர்கள் நடத்திய சூதாட்ட விடுதிகள் பீங்கானில் அழகழகான சில்லுகளைச் செய்து புழங்கின. அவை விடுதியைவிட்டு வெளியேறிக் கடைத்தெருவில் சில்லறைக் காசாகவே ஓடத் தொடங்கியதால், அந்தப் புழக்கத்தை அரசாங்கம் 19ஆம் நூற்றாண்டில் தடை செய்தது. ஐரோப்பியர்கள் தங்கள் சீட்டாட்டத்துக்கென்று சீனாவின் கேன்டன் துறைமுகத்தில் முத்துச்சிப்பியில் சில்லு செதுக்கி வாங்கினார்கள். பிறகு தந்தம், எலும்பு, களிமண் கலவை என்று மாறி, இன்று உலோகமும் பிளாஸ்டிக்கும் கலந்த சில்லுகள் வந்துவிட்டன. பெரிய மதிப்புச் சில்லுகளுக்குள் ரேடியோ அலையில் அடையாளம் சொல்லும் ஆர்எஃப்ஐடி பொறியைப் பதித்துவிடுகிறார்கள்.

"எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? நோட்டையே வச்சு ஆடலாமே" என்று கேட்டேன்.

மாமா ஒரு சில்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பத்து கிராம் அளவுக்குக் கனமாய், வழவழப்பாய் இருந்தது. "அம்பது வெள்ளி நோட்டைப் பார்த்தா உனக்கு வீட்டு வாடகை ஞாபகம் வரும். அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய காசு ஞாபகம் வரும். இதைப் பார்த்தா எதுவும் ஞாபகம் வராது. அதுக்குத்தான் இது."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "இது கையைவிட்டுப் போறதுக்குன்னே செஞ்ச பொருள், மாப்ளே. நான் அதைப் போகவிடாம உக்கார வச்சிருக்கேன்."

ஆரம்பிக்க ஆசைப்பட்டால்

உலகெங்கும் இதை ஒரு பொழுதுபோக்காகவே செய்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கென்று 1988இல் ஒரு சேகரிப்பாளர் சங்கமே தொடங்கப்பட்டது. நாணயம், அஞ்சல்தலை சேர்ப்பதுபோலத்தான். ஆனால் சில விஷயங்கள் வேறு. அன்று மாமா எனக்குச் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஓர் எல்லை வேண்டும். உலகத்தில் உள்ள எல்லாச் சில்லையும் சேர்க்க முடியாது. போய்வந்த ஊர்களின் சில்லு மட்டும், கப்பல் சில்லு மட்டும், மூடிப்போன கூடங்களின் சில்லு மட்டும் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாமாவின் எல்லை, 'எனக்குத் தெரிந்த ஒருவர் தன் கையால் கொண்டுவந்து கொடுத்த சில்லு'. அதனால்தான் சீட்டுகளில் பெயர்கள்.

இரண்டாவது, இருப்பதில் குறைந்த மதிப்புச் சில்லே போதும். ஒரு கூடத்தின் பெயரும் படமும் சிறிய சில்லிலும் இருக்கும். சில்லு கூடத்தின் சொத்து என்பதே பொதுவாக விதி. நினைவுக்கு ஒன்றை எடுத்துப்போகிறவரை யாரும் துரத்துவதில்லை. திரும்பி வராத சில்லு அவர்களுக்கு லாபம்தானே. பெரிய மதிப்புச் சில்லைப் பையில் போடுவது வேறு கதை.

மூன்றாவது, விளையாட்டுச் சாமான் கடையில் பெட்டியோடு விற்கும் போக்கர் சில்லுகளையும் உண்மையான கூடச் சில்லுகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெட்டிச் சில்லுகளில் பெரும்பாலானவை 11.5 கிராம். உள்ளே இரும்புத் தகடு வைத்துக் கனம் கூட்டியிருப்பார்கள். கனமாக இருந்தால் அசல் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. அமெரிக்கக் கூடங்களின் களிமண் கலவைச் சில்லுகள் அதைவிட லேசானவை. அசலைக் கண்டுபிடிக்கக் கூடத்தின் பெயர், ஓரத்து வண்ணப் பட்டைகள், நடுவட்டத்தின் அச்சு ஆகியவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். பட்டை நிறம் ஓரத்திலிருந்து முகத்துக்குத் தொடர்ந்து ஓடுகிறதா, எழுத்து மங்காமல் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

நான்காவது, கழுவாதே, மெருகு போடாதே. அழுக்கும் தேய்மானமும் அதன் வரலாறு. நாணயத்துக்கு விற்கும் வட்டக் கூடுகளில் போட்டு வைக்கலாம். பெரும்பாலான சில்லுகள் 39 மில்லிமீட்டர் குறுக்களவு. ஆசியக் கூடங்களில் சில 43 மில்லிமீட்டர் வரை போகும். பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் ஒட்டிக்கொள்ளும்.

ஐந்தாவதைச் சொல்லும்போது மாமா விரலை ஆட்டினார். "விலை ஏறும்னு நெனச்சு வாங்காதே. இணைய ஏலத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்து விலை கூட்டிக்கிட்டு இருந்தேன்னா, நீ சேகரிக்கல. சூதாடுற."

சூதாட்ட வாடையே வேண்டாம் என்பவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கொழும்புக் காப்பி ஆலைகள் தொழிலாளர்களுக்குக் கொடுத்த பித்தளை டோக்கன்கள் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் பொருள். நாணயத்தைப் போலவே வட்டமாய், நிறுவனப் பெயர் பொறித்து, பணத்துக்குப் பதிலாகக் கைமாறியவை. நம் மக்களின் உழைப்போடு சேர்ந்தவை.

வாழைமர நோட்டு

இப்படிப்பட்ட பொருள்களைத் தேடி மாமா முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதோறும் லிட்டில் இந்தியா போவாராம். தேக்காவிலிருந்து நடந்தால் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை. 'திருடர் சந்தை' என்று செல்லப் பெயர். பழைய கடிகாரம், ரேடியோ, காசு என்று தரையில் துணி விரித்துப் போட்டிருப்பார்கள். மன்றங்களின் ஜாக்பாட் இயந்திரங்களுக்கான உலோக டோக்கன்கள் கைநிறைய சில வெள்ளிக்குக் கிடைக்குமாம். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அந்தச் சந்தை மூடப்பட்டது. "கடைசி நாள் போனேன். எதுவும் வாங்கல. சும்மா நடந்துட்டு வந்தேன்."

அவர் ஆல்பத்தின் கடைசி உறையில் சில்லு இல்லை. ஒரு பத்து வெள்ளி நோட்டு இருந்தது. அதில் வாழைமரப் படம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்து 'வாழைமர நோட்டு'. புக்கிட் பாத்தோக் குன்றை ஒட்டிய அப்பர் புக்கிட் தீமா சாலையில்தான் பழைய ஃபோர்டு தொழிற்சாலை இருக்கிறது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த கட்டடம், இப்போது அருங்காட்சியகம். போர் முடிந்ததும் அந்த நோட்டுகள் ஒரே நாளில் வெறும் காகிதமாயின.

"எங்கப்பா ஒரு பெட்டி நிறைய வச்சிருந்தாராம். மறுநாள் அடுப்பெரிக்கக்கூட ஆகலைன்னு சொல்வார்" என்றார் மாமா. "காசுங்கிறது எல்லாரும் ஒத்துக்கிற வரைக்கும்தான் காசு. சில்லும் அப்படித்தான். அந்தக் கட்டடத்துக்கு வெளியே வந்தா அது வெறும் வட்டம்."

150 வெள்ளிக் கதவு

பிறகு விஷயத்துக்கு வந்தார். சிங்கப்பூரின் இரண்டு சூதாட்டக்கூடங்களில் ஒன்றின் சில்லு அவரிடம் உண்டு, மற்றது இல்லை.

இங்கே கொஞ்சம் வரலாறு. 1823இல் ராஃபிள்ஸ் இந்தத் தீவில் சூதாட்ட விடுதிகளுக்குத் தடை போட்டார். 182 ஆண்டுகள் கழித்து, 2005 ஏப்ரல் 18ஆம் தேதி, பிரதமர் லீ சியன் லூங் நாடாளுமன்றத்தில் இரண்டு ஒருங்கிணைந்த உல்லாசத் தளங்களுக்கு அனுமதி அறிவித்தார். நாடு முழுக்க வாதம் நடந்தது. ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசாவின் கூடம் 2010 பிப்ரவரி 14ஆம் தேதியும், மரினா பே சேண்ட்ஸ் அதே ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதியும் திறந்தன.

கூடவே ஒரு வேலியும் போட்டார்கள். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போகக் கட்டணம் கட்ட வேண்டும். 24 மணி நேரத்துக்கு 100 வெள்ளி என்று தொடங்கியது, 2019 ஏப்ரலில் 150 வெள்ளியானது. ஆண்டுக் கட்டணம் 3,000 வெள்ளி. வெளிநாட்டவருக்கு இந்தக் கட்டணம் இல்லை. 21 வயது நிரம்பியிருந்தால், கடப்பிதழையோ வேலை அனுமதி அட்டையையோ காட்டிவிட்டுப் போகலாம்.

யோசித்துப் பாருங்கள். இந்த ஊரில் பிறந்த மாமாவுக்கு 150 வெள்ளி. எட்டு மாதத்துக்கு முன் திருச்சியிலிருந்து விமானம் ஏறிய எனக்கு இலவசம். வேலி சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். நம்மைத் தடுக்க வேண்டியது நாமேதான்.

"போய் ஒரே ஒரு சில்லு வாங்கு. சின்னது. பையில போடு. வெளியே வந்துடு. பத்து நிமிஷ வேலை" என்றார் மாமா. அத்தை எதுவும் சொல்லவில்லை. ஆல்பத்தை எடுத்துப்போய் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பூட்டும் சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகக் கேட்டதுபோல் இருந்தது.

பத்து நிமிட வேலை

அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போனேன். எந்தக் கூடம் என்பது முக்கியமில்லை. உள்ளே போனதும் முதலில் கவனித்தது, கடிகாரம் கண்ணில் படவில்லை. வெளிச்சத்தை வைத்துப் பகலா இரவா என்று சொல்ல முடியவில்லை.

மூன்று பகடைகளை ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் குலுக்கும் மேசைக்குப் போனேன். பெரிது, சிறிது என்று கட்டலாம். வேறொன்றும் தெரிய வேண்டியதில்லை. நூறு வெள்ளி நோட்டை நீட்டினேன். கையில் வாங்க மாட்டார்களாம். மேசைத் துணியின்மேல் வைக்கச் சொன்னார் அந்தப் பெண். நான்கு 25 வெள்ளிச் சில்லுகளைத் தள்ளினார்.

ஒன்றைச் சட்டைப் பையில் போட்டேன். அது மாமாவுக்கு. மிச்சம் மூன்றைக் காசாளரிடம் கொடுத்து 75 வெள்ளியை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

மூன்று சில்லும் கையில் ஒன்றோடொன்று உரசின. அந்தச் சத்தம் நன்றாக இருந்தது. வந்ததுதான் வந்தோம், ஒரே ஒரு தடவை என்று தோன்றியது. 'பெரிது' மேல் ஒன்றை வைத்தேன். பகடை குலுங்கி நின்றது. பெரிது. மூன்று நான்கானது. என்னையறியாமல் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெரியவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அடுத்து இரண்டை வைத்தேன். போனது. அதைப் பிடித்துவிடலாம் என்று மிச்சம் இரண்டையும் வைத்தேன். அதுவும் போனது. மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

இதுவரை நடந்ததில் எனக்குப் பெரிய பயம் இல்லை. 75 வெள்ளி, ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு, போகட்டும். பயந்தது அடுத்து நடந்ததற்கு. என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மாமாவின் சில்லு விரலில் தட்டியது. வெளியே எடுத்தும்விட்டேன். அதைப் பார்த்தபோது எனக்கு வாடகையும் ஞாபகம் வரவில்லை, அம்மாவும் ஞாபகம் வரவில்லை. மாமா சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது: 'அதுக்குத்தான் இது.'

கையை மூடிக்கொண்டு வாசலைத் தேடி நடந்தேன்.

சிறு குய்லின்

ஞாயிற்றுக்கிழமை மறுபடி புக்கிட் பாத்தோக். வீட்டுக்குப் போகுமுன் நடந்துவிட்டு வரலாம் என்று மாமா அழைத்துப்போனார். புக்கிட் கோம்பாக் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு பூங்கா. பழைய கருங்கல் குவாரி. வெட்டிய பள்ளத்தில் நீர் நிறைந்து ஏரியாகி, நடுவில் பாறைகள் செங்குத்தாக நிற்கின்றன. சீனாவின் குய்லின் மலைக்காட்சி போலிருப்பதால் 'சிறு குய்லின்' என்று பெயர். திருமணப் படம் எடுக்கும் ஜோடிகள், ஆமை பார்க்கும் குழந்தைகள். மலையை உடைத்தெடுத்த பிறகு மிஞ்சிய குழி, இன்று ஊரிலேயே அழகான இடம்.

பெஞ்சில் உட்கார்ந்து சில்லைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு ஆச்சு?"

"இருபத்தஞ்சு மாமா."

கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. இங்கே இரண்டு பேரும் புதுவீடு வாங்கியிருந்தார்கள். அப்போதெல்லாம் வீவக வீட்டின் தரை வெறும் சிமெண்ட்டாகத்தான் வரும். ஓடு பதிக்க, சமையலறை கட்ட, விளக்குப் போட என்று அத்தை பல வருடம் சேர்த்த பணம் 18,000 வெள்ளி. அந்தக் காலத்தில் இங்கிருந்து சொகுசுக் கப்பல்கள் கிளம்பும். கடலுக்கு நடுவே போனதும் சூதாட்டம் திறக்கும், விடியும்போது கரைக்குத் திரும்பும். மாமா நண்பர்களோடு ஒரு முறை போனார். ஜெயித்தார். அதுதான் கெட்டது. பிறகு ஆறேழு முறை போனார். கடைசிப் பயணத்தோடு 18,000மும் தீர்ந்தது.

"ரெண்டு வருஷம் சிமெண்ட் தரையில இருந்தோம். உன் அத்தை பிளாஸ்டிக் விரிப்பு வாங்கிப் போட்டா. வர்றவங்ககிட்ட, டைல்ஸ் பிடிக்கலைன்னு சொல்லுவா."

அந்தக் கடைசிச் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் ஒரு சில்லு இருந்ததாம். 10 வெள்ளிச் சில்லு. மாமா கேட்டார். கப்பலுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சினார். அத்தை கொடுக்கவில்லை. மாற்றப் போனால் பத்து வெள்ளியோடு திரும்பி வர மாட்டார் என்று அவருக்குத் தெரியும். அரிசி டப்பாவின் அடியில் போட்டு வைத்தார். மாமா வீடெல்லாம் தேடியிருக்கிறார், அதில் மட்டும் தேடவில்லை.

வருடங்கள் கழித்து, அந்தக் கப்பல் இந்தப் பக்கம் வருவதையே நிறுத்திய பிறகு, ஒருநாள் அத்தை அதை எடுத்து மேசைமேல் வைத்தார். 'இனிமே யாராலும் இதை மாத்த முடியாது. வச்சுக்கோங்க' என்றாராம்.

"இந்த ஆல்பத்துல முதல் சில்லைச் சேகரிச்சது நான் இல்ல, மாப்ளே. அவதான். சீட்டுல விலையை எழுதணும்னு சொன்னதும் அவதான்."

2010இல் இங்கே கூடங்கள் திறந்த ஆண்டே மாமா தாமாகப் போய்த் தம்மைத் தடைப்பட்டியலில் சேர்த்துக்கொண்டார். பிரச்சினைக்குரிய சூதாட்டத்துக்கான தேசிய மன்றத்தில் அதற்கு விண்ணப்பிக்கலாம். சேர்ந்துவிட்டால் 150 வெள்ளி கட்டினாலும் உள்ளே விட மாட்டார்கள். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் என்று குடும்பத்தாரும் ஒருவருக்காக விண்ணப்பிக்க முடியும். பேச வேண்டுமென்றால் 1800-6-668-668 என்ற உதவி எண் இருக்கிறது. எங்கேயாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியிருக்காது, உங்கள் அறைத் தோழருக்கு வேண்டியிருக்கலாம்.

"அப்ப எதுக்கு மாமா என்னை அனுப்பினீங்க?" என் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "தப்புதான்" என்றார் கடைசியில். "ஆல்பத்துல ஒரு இடம் காலியா இருந்துச்சு. காலியிடத்தைப் பார்த்தா இன்னும் எனக்குக் கை அரிக்குது. அன்னைக்கு அத்தை பேசலை பாரு, அப்பவே விட்டிருக்கணும். இனிமே யாரையும் கேக்க மாட்டேன். வந்தா வரட்டும்."

சேகரிப்பு தொடங்க நினைப்பவர்களுக்கு மாமாவின் ஆறாவது விதியாக இதைச் சேர்த்துக்கொள்கிறேன். காலியிடத்தைக் காலியாக விடத் தெரிந்தவர்தான் சேகரிப்பாளர்.

விலை

வீட்டில் அத்தை வாழைக்காய் பஜ்ஜி போட்டிருந்தார். சில்லை வாங்கி ஒரு தடவை பார்த்தார். அலமாரியைத் திறந்து ஆல்பத்தை எடுத்தார். ஒரு துண்டுச்சீட்டை வெட்டி, பேனாவைத் திறந்தார். தேதி எழுதினார். என் பெயர் எழுதினார். முகமதிப்பு 25 என்று எழுதினார்.

"விலை எவ்வளவு தம்பி?"

மாமா என்னைப் பார்க்காமல் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பதிலே நாக்கு நுனியில் நின்றது. அத்தையின் கால்களுக்குக் கீழே பளபளவென்று வெள்ளை ஓடு பதித்த தரை. ஓரத்தில் ஓர் ஓடுகூட விரிசல் விடவில்லை.

"நூறு அத்தை."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. 'விலை: 100 வெள்ளி' என்று முத்துமுத்தாக எழுதி, சில்லைக் கூட்டுக்குள் போட்டு, ஆல்பத்தை மூடினார். சாவி கைப்பைக்குள் போனது.

"ஆறிடப் போகுது, சாப்பிடுங்க" என்றார்.